அடுக்கு அகார் அகார்: சூடு ஆறுமுன் அடுத்த அடுக்கு

ஓவன் இல்லாமல், மாவு பிசையாமல், முட்டை சேர்க்காமல் முப்பது நாற்பது பேருக்குக் குளிர்ந்த இனிப்பு செய்ய வேண்டுமென்றால் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ் வீடுகளில் கைகொடுப்பது அகார் அகார். முறுக்கும் அச்சுமுறுக்கும் நெய்யுருண்டையும் நிறைந்த தீபாவளி மேசையில், சில்லென்று வாயில் உடையும் ஒரு துண்டுக்குத் தனி மதிப்பு உண்டு. கேக் பாத்தேக்கும் ஓவன் கேட்காது. மேரி பிஸ்கட், மைலோ, வெண்ணெய், டின் பால் இருந்தால் போதும். ஆனால் திறந்த இல்லத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அதிலுள்ள வெண்ணெய் இளகத் தொடங்கிவிடும். கிரீம் சீஸ் வைத்துச் செய்யும் குளிர் கேக்குக்கும் அதே கதிதான். கூடாரத்தின் கீழ், மின்விசிறிக் காற்றில், இந்த ஊர் வெயிலுக்கு ஈடுகொடுத்து நிற்பது அகார் அகார்.

யார் வந்தாலும் தயங்காமல் நீட்டக்கூடிய இனிப்பும் இதுவே. ஜெலட்டின் மாட்டின் எலும்பு, தோலிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ எடுக்கப்படுவது. இந்துக்கள், முஸ்லிம்கள், சைவம் உண்பவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் அமரும் நாட்டில் அது சங்கடத்தைத் தரும். அகார் அகார் கடல் பாசியிலிருந்து வருவது. புரட்டாசி விரதம் முடிந்த கையோடு தீபாவளிக்கு வரும் உறவினருக்கும் கொடுக்கலாம், பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும் கொடுக்கலாம். தமிழ் முஸ்லிம் வீடுகளில் இதையே கடற்பாசி என்று சொல்லி நோன்பு திறக்கும் வேளைக்குக் காய்ச்சி வைப்பார்கள்.

மன்னார் வளைகுடாவில் பாம்பன், இராமேஸ்வரம் கரையோரப் பெண்கள் கடலில் மூழ்கி இந்தப் பாசியைப் பறிக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று அவர்களிடம் அதற்குப் பெயர்கள் உண்டு. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, பாசி பறிக்கும் பெண்களின் உரிமைக்காகவும் பாசி வளம் அழியாமல் காக்கவும் பாடுபட்டதற்காக 2015இல் சீகாலஜி பரிசு பெற்றார். நாம் ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டும் தூளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது என்பதைச் சமைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வெப்பத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். அடுக்குகளை ஒட்டவைப்பது சூடு, ஃபிரிட்ஜ் அல்ல. அகார் அகார் கரைய வேண்டுமானால் தண்ணீர் நன்றாகக் கொதிக்க வேண்டும். கரைந்த பிறகு ஆறிக்கொண்டே வந்து சுமார் 35 முதல் 40 டிகிரி செல்சியஸில் உறையும். ஒருமுறை உறைந்துவிட்டால் அதே 40 டிகிரியில் மறுபடி இளகாது. ஏறத்தாழ 85 டிகிரி வரை சூடேற்றினால்தான் கரையும். உறையும் வெப்பத்துக்கும் உருகும் வெப்பத்துக்கும் நடுவே இருக்கும் இந்தப் பெரிய இடைவெளிதான் நமக்குக் கிடைத்த வரம். கீழே உறைந்து நிற்கும் அடுக்கைக் கரைக்காமல், அதன்மேல் வெதுவெதுப்பைத் தாண்டிய சூட்டில் அடுத்ததை ஊற்ற முடிகிறது.

கோலாலம்பூரில் பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொடுவது வழக்கம். ஜெலட்டின் அந்தச் சூட்டில் இளகி ஒழுகத் தொடங்கும். அகார் அகாரோ அடுப்படி மேசை மேலேயே உறைந்துவிடும். இந்தக் குணத்தைக் கண்டு ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடமே தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. 1881இல் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸே, ஜெலட்டினில் நுண்ணுயிர்களை வளர்க்க முயன்றபோது அது வெயிலில் உருகி அவரைப் பாடாய்ப் படுத்தியது. அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தன் சமையலறையில் ஜெல்லி உறையப் பயன்படுத்திய அகார் அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். நியூயார்க்கில் இளவயதைக் கழித்தபோது, ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக்காரர் ஒருவரின் குடும்பத்திடமிருந்து அவர் அதைக் கற்றிருந்தார். மறு ஆண்டு வெளியான காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் கோக் அகாரைக் குறிப்பிட்டார்; ஃபேனியின் பெயரைக் குறிப்பிடவில்லை. உலகெங்கும் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் இன்றும் அகார் தட்டுகள்தான் இருக்கின்றன. நமது வட்டாரத்துச் சமையலறை அறிவு அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு குடும்பத் தலைவியின் வழியாகத்தான்.

வாங்க வேண்டியவை

அகார் அகார் தூளாகவும் கிடைக்கும், நீளமான இழைகளாகவும் கிடைக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் மளிகைக் கடைகளிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா கடைகளிலும் சிறு பாக்கெட்டுகளில் இருக்கும். அடுக்கு செய்யப் புதிதாகக் கற்பவர்கள் தூளையே வாங்குங்கள். கிராம் கணக்கில் அளக்கலாம், சீக்கிரம் கரையும். இழை வாங்கினால் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து, கால் மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டு, கரையாத நார் தங்காமல் வடிகட்ட வேண்டும். கடித்தால் நறுக்கென்று உடையும் தன்மை இழையில் சற்றுக் கூடுதல் என்பது என் எண்ணம். கை பழகிய பிறகு அதற்குப் போகலாம். கடையில் கேட்கும்போது சர்க்கரையும் சாயமும் கலந்த ஜெல்லித் தூளை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். உறையின் பின்புறத்தில் உள்ளடக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். வெறும் அகார் மட்டும் இருக்க வேண்டும்.

தேங்காய்ப்பாலில் இரண்டு வழி. காலையில் பசாருக்குப் போனால் தேங்காயைத் துருவி அங்கேயே பிழிந்து பாலாகத் தருவார்கள். மணத்தில் அதற்கு நிகர் கிடையாது. வாங்கி வந்த அன்று காலையிலேயே காய்ச்சிவிட வேண்டும்; மதியம் வரை வெளியே வைத்தால் புளித்துவிடும். 200 மில்லி பெட்டியில் வரும் சந்தான் எப்போதும் ஒரே கெட்டியாக இருப்பதால் அளவு தவறாது. இந்த அத்தியாயத்தின் அளவுகள் பெட்டிப் பாலுக்கானவை. புதிதாகப் பிழிந்தது என்றால் தண்ணீர் சேர்க்காத முதல் பாலாகக் கேட்டு வாங்குங்கள்.

குலா மலாக்கா வாங்கும்போது மூக்கை நம்புங்கள். தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சி மூங்கிலில் ஊற்றி உறையவைக்கும் நல்ல குலா மலாக்காவுக்குப் புகை கலந்த கேரமல் மணம் இருக்கும், விரலால் அழுத்தினால் பொடியும். கல்லைப் போலிறுகி, வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால் கரும்புச் சீனி அதிகம் கலந்திருக்கும். கிடைக்காத இடத்தில் கருப்பட்டி போடலாம். நிறம் கறுக்கும், மணம் மாறும், ஆனால் தேங்காய்ப்பாலோடு அதுவும் அருமையாகச் சேரும்.

பண்டான் இலை நாலைந்து வேண்டும். தாமான் வீடுகளில் வேலியோரம் வளர்ந்திருக்கும் இலையே போதும். எசென்ஸ் பாட்டிலை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த இலைக்கு உள்ள மெல்லிய அரிசி மணம் பாட்டிலில் வருவதில்லை.

அளவு

உங்கள் தட்டை முதலில் அளந்துகொள்ளுங்கள். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் 400 மில்லி ஊற்றினால் சரியாக ஒரு சென்டிமீட்டர் உயரம் வரும். ஆக, 200 மில்லி என்பது அரை சென்டிமீட்டர் அடுக்கு. பழுப்பு நான்கு, வெள்ளை நான்கு என எட்டு அடுக்குப் போட்டால் நான்கு சென்டிமீட்டர் உயரம். ஐந்து சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டில் அடங்கிவிடும். நான்கு சென்டிமீட்டர் கட்டங்களாக வெட்டினால் 25 துண்டு. நாற்பது பேர் என்றால் இரண்டு தட்டு.

பழுப்புப் பானைக்கு: தண்ணீர் 700 மில்லி, அகார் தூள் 8 கிராம், பொடித்த குலா மலாக்கா 200 கிராம், பண்டான் இலை இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை.

வெள்ளைப் பானைக்கு: தண்ணீர் 550 மில்லி, அகார் தூள் 8 கிராம், சீனி 100 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 200 மில்லி, பண்டான் இலை இரண்டு, உப்பு கால் தேக்கரண்டி. உப்பைக் குறைக்காதீர்கள். உப்பில்லாத தேங்காய்ப்பால் அடுக்கு சப்பென்று இருக்கும்.

இரண்டு பானையிலும் அகார் ஒரே அளவு இருப்பது முக்கியம். ஒன்று கெட்டியாகவும் மற்றது மெதுவாகவும் இருந்தால் கத்தி இறங்கும்போது மெதுவான அடுக்கு நசுங்கிப் பிதுங்கும்.

காய்ச்சுதல்

அகார் தூளைப் பச்சைத் தண்ணீரில் தூவிக் கலக்கி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு அடுப்பில் வையுங்கள். சுடுதண்ணீரில் கொட்டினால் கட்டி விழும். பண்டான் இலையை முடிச்சுப் போட்டு அதிலேயே போட்டுவிடலாம். கொதி வந்த பிறகு தணலைக் குறைத்து ஐந்து நிமிடமாவது கொதிக்கட்டும். கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால் மணல் மணலாக எதுவும் தெரியக்கூடாது. அதன் பின்புதான் சீனி. சீனியும் அகாரும் ஒன்றாகத் தண்ணீருக்குப் போட்டி போட்டால் அகார் முழுக்கக் கரையாமல் நின்றுவிடும். சரியாக உறையாத பல தட்டுகளுக்குக் காரணம் இந்த வரிசை மாறுவதுதான்.

குலா மலாக்கா கரைந்ததும் பழுப்புப் பானையை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். தூசும் நாரும் இருக்கும். வெள்ளைப் பானையில் சீனி கரைந்த பிறகு தேங்காய்ப்பாலை ஊற்றி, மெல்லிய தணலில் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் சிறு குமிழ் வரும்போது நிறுத்திவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் பால் திரிந்து எண்ணெய் பிரியும். கறிக்கு அது சுவை, அகார் அகாருக்கு அது கறை.

ஒரு பெரிய தட்டில் சுடுதண்ணீர் நிரப்பி, இரண்டு பானைகளையும் அதற்குள் இறக்கி மூடி வையுங்கள். அடுக்குப் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகலாம். அதுவரை பானையில் இருப்பது உறையக்கூடாது. உறைந்துவிட்டாலும் பதறாதீர்கள். ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு மீண்டும் சூடேற்றினால் கரைந்துவிடும். பழுப்பைக் கொதிக்கவிடலாம், வெள்ளையை விடாமல் கிளறி, கொதி வருமுன் இறக்குங்கள்.

அடுக்குதல்

தட்டைத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் சமமான மேசையில் வையுங்கள். மேசை சாய்ந்திருந்தால் எட்டு அடுக்கும் சாயும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதல் அடுக்குப் பழுப்பு. 200 மில்லி அளந்து ஊற்றி, மேலே நிற்கும் குமிழ்களைப் பல்குத்தும் குச்சியால் உடையுங்கள். மின்விசிறி ஓடும் அறையில் உலோகத் தட்டாக இருந்தால் ஐந்து, ஆறு நிமிடத்தில் மேற்பரப்பு பற்றும். கடிகாரத்தை விட விரலே சரியான அளவுகோல். ஆள்காட்டி விரலால் நடுவில் மெதுவாகத் தொடுங்கள். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஆகவில்லை. விரலில் எதுவும் ஒட்டாமல், ஆனால் பிசுபிசுப்பும் வெதுவெதுப்பும் தெரிந்தால் அதுதான் நேரம். தொடும்போது குளிர்ச்சியாக, வழவழப்பாக, ஈரம் படிந்தாற்போல் இருந்தால் நேரம் கடந்துவிட்டது.

வெள்ளையை ஊற்றும்போது அது 60 டிகிரி சூட்டில் இருக்கட்டும். வெப்பமானி இல்லாதவர்கள் கிண்ணத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு விநாடிக்கு மேல் விரலை வைக்க முடியாத சூடு என்றால் சரி. அகப்பையைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகின்மேல் ஊற்றினால் வேகம் தணிந்து பரவும். நேராக ஊற்றினால் விழுந்த இடத்தில் குழி விழும், பழுப்பு கலங்கி வெள்ளைக்குள் ஏறும்.

மூன்றாவது அடுக்கில் கூடுதல் கவனம் வேண்டும். குலா மலாக்கா கரைசல் தேங்காய்ப்பால் கரைசலை விடக் கனமானது. வெள்ளை சரியாகப் பற்றாமல் அதன்மேல் பழுப்பை ஊற்றினால் உடைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். வெள்ளைக்கு மேல் பழுப்பு போகும் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் அதிகமாகவே காத்திருங்கள். மேலே போகப் போக ஒவ்வோர் அடுக்கும் உறைய நேரம் நீளும். முதல் அடுக்குக்குக் குளிர்ந்த தட்டு கிடைத்தது, ஆறாவது அடுக்குக்குக் கீழே இருப்பதோ இன்னும் சூடு அடங்காத ஐந்து அடுக்கு. அவசரப்பட்டு இங்கேதான் பலர் தட்டை ஃபிரிட்ஜுக்குள் தள்ளுகிறார்கள். அப்படிச் செய்தால் மேற்பரப்பு குளிர்ந்து, அதன்மேல் ஈரம் படிந்து, அடுத்த அடுக்கு ஒட்டாமல் வெறுமே உட்கார்ந்திருக்கும். வெட்டி எடுக்கும்போது சீட்டுக்கட்டைப் போல் சறுக்கிப் பிரியும். எட்டு அடுக்கும் முடியும் வரை ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கவே வேண்டாம்.

தொலைபேசி வந்தது, குழந்தை அழுதது, அடுக்கு ஆறிப்போனது என்றால் வழி இருக்கிறது. மேலே நிற்கும் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, முள்கரண்டியால் மேற்பரப்பை லேசாகக் கீறி, அடுத்த அடுக்கை இன்னும் சற்று அதிகச் சூட்டில், 70 டிகிரியில் ஊற்றுங்கள். கீறல்களில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கோடு கொஞ்சம் மங்கும், ஆனால் பிரியாது.

தானே பிரியும் அடுக்கு

நேரமே இல்லாதவர்களுக்கு ஒரு பழைய முறை. இரண்டு பானைக் கரைசலையும் ஒன்றாகக் கலந்து, சூடாகவே ஆழமான கிண்ணத்தில் ஊற்றி அசைக்காமல் விட்டுவிடுங்கள். தேங்காய்ப்பாலின் கொழுப்பு இலேசானதால் மேலே ஏறும், குலா மலாக்கா கரைந்த நீர் கீழே நிற்கும். உறைவதற்குள் பிரிந்துவிடுவதால் மேலே பாலாடை நிறத்திலும் கீழே தெளிந்த பழுப்பிலும் இரண்டு அடுக்கு தானாக அமையும். மெதுவாக ஆறினால் பிரிவு நன்றாகத் தெரியும் என்பதால் கிண்ணம் தடித்ததாக இருக்கட்டும். மேலடுக்குப் பஞ்சைப் போல் மென்மையாக இருக்கும். எட்டு அடுக்குக்கு இல்லாத சுகம் அதில் உண்டு. அதையே விரும்பிச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

நிறம், பழம், புளிப்பு

சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் நல்ல நீலம் கிடைக்கும். ரோஜா சிரப்பும் டின் பாலும் கலந்தால் பண்டுங் இளஞ்சிவப்பு. அடுக்குக்கு இந்த இரண்டுமே அழகு. புளிப்பில் மட்டும் எச்சரிக்கை. எலுமிச்சைச் சாற்றையோ அன்னாசிச் சாற்றையோ சேர்த்து அகாரைக் கொதிக்கவைத்தால் அதன் உறையும் சக்தி குறைந்துபோகும். அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் இறங்கிய பிறகு கலக்குங்கள். சங்குப்பூ நீலம் எலுமிச்சை பட்டதும் ஊதாவாகும். பச்சை அன்னாசித் துண்டு ஜெலட்டினை உறையவிடாது, அதிலுள்ள நொதி புரதத்தைச் சிதைத்துவிடும். அகாரில் புரதம் இல்லாததால் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் துண்டுகளை நன்றாகத் துடைத்துவிட்டுப் போடுங்கள், நீர் விட்டால் அடுக்கு பிரியும்.

குளிரவைத்தல், வெட்டுதல், கொண்டுபோதல்

கடைசி அடுக்கும் உறைந்து, தட்டின் அடிப்பாகம் கைக்குச் சூடு தெரியாத அளவு ஆறிய பிறகு, மேலே சுத்தமான துணி விரித்து மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். துணி இல்லாவிட்டால் மூடியில் படியும் நீர் சொட்டி மேற்பரப்பு கலங்கும். மூன்று மணி நேரத்தில் உள்ளே வரை குளிரும். உறைபெட்டியில் வைக்கவே கூடாது. உறையும்போது உள்ளே உண்டாகும் பனித்துகள்கள் பின்னலை அறுத்துவிடும், உருகும்போது தண்ணீர் எல்லாம் வெளியேறிச் சக்கையாகிவிடும். பதினேழாம் நூற்றாண்டில் ஒரு ஜப்பானிய விடுதிக்காரர் வெளியே வீசிய பாசிக் கூழ், குளிர்கால இரவில் உறைந்து பகலில் காய்ந்து இழையானதாகவும், உலர்ந்த அகார் அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டதாகவும் ஜப்பானில் கதை உண்டு. இழை அகார் செய்ய உதவும் அதே உறைதல் நம் தட்டைக் கெடுத்துவிடும்.

வெட்டுவதற்குக் கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்து, அறுக்காமல் மேலிருந்து நேராக அழுத்துங்கள். நெளிநெளியாக வெட்டும் கத்தி இருந்தால் பக்கவாட்டில் அடுக்குகள் அலையலையாகத் தெரியும்; திறந்த இல்லத்துக்கு அது நல்ல தோற்றம் தரும்.

தேங்காய்ப்பால் சேர்ந்தது என்பதால், உருகாது என்ற தைரியத்தில் மணிக்கணக்காக வெளியே வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடிக்கும் அளவை மட்டும் எடுத்து வையுங்கள், மீதம் உள்ளே இருக்கட்டும். ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். நாளாக ஆக அடியில் நீர் விடும். கிள்ளானில் செய்து பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொண்டு போவதென்றால் வெட்டாமல் தட்டோடு, ஐஸ் கட்டி வைத்த பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். கொமுட்டர் ரயிலில் போனாலும் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் காரில் போனாலும் ஆடி அசைந்து துண்டுகளின் முனை உடையாமல் இருக்கும். அங்கே போய் வெட்டும்போது விழும் ஓரத் துண்டுகளை எறிய வேண்டாம். ஒரு கரண்டித் தண்ணீரோடு சேர்த்து மெல்லிய தணலில் கிளறிக் கரைத்து, சின்னச் சின்ன அச்சுகளில் ஊற்றினால் காப்பிப்பால் நிறத்தில் குழந்தைகளுக்கு இன்னொரு தட்டு கிடைக்கும்.